சம்மதம் கேட்ட மேசை

வேலைக்கு ஆள் எடுக்கும்போது முதலாளி சட்டப்படி என்னென்ன செய்ய வேண்டும் என்று இப்போது வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வயதுச் சான்று வாங்கணும், உடம்பைச் சோதிக்கணும், முன்நடத்தையைப் போலீஸ் மூலமாக விசாரிக்கணும், நியமனக் கடிதம் கொடுக்கணும், எல்லாவற்றையும் பைலில் வைக்கணும். ஆய்வாளர் வந்தால் பைலைக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஏதோ கம்ப்யூட்டர் காலத்துப் புது ஏற்பாடு போலப் பேசுகிறார்கள். பாகூர்ப் பக்கத்துச் சேரிகளுக்கு இது புதுசு இல்லை. நூற்று எழுபது வருஷத்துக்கு முன்பே எங்கள் ஆட்களை வரிசையில் நிறுத்தி, பெயர் கேட்டு, அப்பன் பெயர் கேட்டு, ஊர் கேட்டு, உடம்பைப் பார்த்து, கடைசியில் "உனக்குச் சம்மதமா?" என்றும் கேட்டுத்தான் கப்பலில் ஏற்றினார்கள். எல்லாம் சட்டப்படிதான் நடந்தது. அந்தச் சட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் பனித்திட்டுக்கு மேற்கே ஒரு சேரியில் பிறந்தவன். பனித்திட்டு கடலோர ஊர், பாகூர் கொம்யூனைச் சேர்ந்தது. எங்கள் பக்கத்து வரைபடத்தைப் பார்த்தால் ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்கும். 1814ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கைக்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்த புதுச்சேரி ஒரே நிலமாக இல்லை. வில்லியனூர், பாகூர் என்று கொடுத்த இடங்களிலும் நடுநடுவே பிரிட்டிஷ் ஊர்கள். ஒருவன் காலையில் பிரெஞ்சு ஊரில் எழுந்து, தென்னாற்காடு ஜில்லாவில் நடவு நட்டுவிட்டு, மறுபடி பிரெஞ்சு ஊரில் வந்து கஞ்சி குடிக்கலாம். எங்க ஆயா "இங்கிலீசுக்காரன் கொல்லி, பிராஞ்சுக்காரன் கொல்லி" என்று வயலைக்கூடப் பிரித்துத்தான் சொல்லும். இப்போது அந்த எல்லையை நினைவூட்ட மிச்சமிருப்பவை சாராயக் கடைகள்தான். அந்தக் காலத்தில் இந்த எல்லையை வைத்து வேறொரு வியாபாரம் நடந்தது. ஆள் வியாபாரம்.

1848 ஏப்ரல் 27ஆம் தேதி பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரெயூனியன் தீவில் மட்டும் சுமார் 60,000 பேர் அந்த ஆண்டு டிசம்பர் 20ஆம் தேதி விடுதலை பெற்றார்கள். மேற்கே மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் மே மாதமே விடுதலை வந்துவிட்டது. கரும்புத் தோட்டத்தை விட்டு அவர்கள் வெளியே போக ஆரம்பித்ததும் தோட்ட முதலாளிகள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். ஆப்பிரிக்கன் விட்டுப்போன இடத்துக்குத் தமிழ்நாட்டுச் சேரி. இதை எழுதும்போது வாய் கசக்கிறது. ஆனால் அந்த விடுதலை நாளை நாம் குறை சொல்ல முடியாது. அங்கே கறுப்பின மக்கள் சங்கிலியை அறுத்தார்கள், இங்கே நம் ஆட்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்கள். இரண்டையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதியவன் சர்க்கரை முதலாளி.

இதில் ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து கூலிகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1839ஆம் ஆண்டின் 14ஆவது சட்டம் தடுத்திருந்தது. பிறகு மொரீசியஸ் போன்ற பிரிட்டிஷ் காலனிகளுக்கு வழி திறந்துவிட்டார்கள். பிரெஞ்சுக் காலனிகளுக்குத் திறக்கவில்லை. அதனால் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் சொந்தக் குடிகளை மட்டும்தான் அனுப்பலாம். 1852 மார்ச் 27ஆம் தேதி அதற்கென்று ஓர் ஆணையே போட்டார்கள். புதுச்சேரியும் காரைக்காலும் எவ்வளவு பெரிய தேசம்? அங்கிருந்து எத்தனை ஆயிரம் பேரை அள்ள முடியும்? 1853 மே 6ஆம் தேதி ஒரேலி என்ற கப்பல் முதல் தொகுதியை மார்த்தினிக்கில் இறக்கியது. அதே கப்பல் 1854 டிசம்பர் 24ஆம் தேதி குவாதலூப்பில் ஆட்களை இறக்கியது. ரெயூனியனுக்கு அதற்கு முன்பிருந்தே போய்க்கொண்டிருந்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் தஞ்சாவூர், தென்னாற்காடு ஜில்லாக்களிலிருந்து எல்லை தாண்டி வந்தவர்கள். ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், பிள்ளைகளைத் தூக்குகிறார்கள் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் புகார் எழுதிக்கொண்டே இருந்தார்கள். புகார் எழுதியவர்களுக்குப் பறையன் மேல் வந்த பரிவா, பிரெஞ்சுக்காரன் மேல் வந்த பொறாமையா என்பதைப் படிக்கிறவர்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

எல்லை தாண்டி வந்தவனுக்குச் சட்டம் எப்படிப் பொருந்தும்? இங்கேதான் மேஸ்திரி வருகிறான். ஆள் பிடித்துத் தருகிறவனை அப்படித்தான் சொல்வார்கள். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். பஞ்சக் காலத்தில் அவன் சேரிக்கு வந்தால் சோறு பற்றிப் பேசுவான். நாலு எட்டு வைத்தால் பிரெஞ்சு எல்லை. எழுதுகிறவன் முன்னால் நிற்கும்போது எந்த ஊரைச் சொல்லணும் என்பதும் அவன் சொல்லிக்கொடுத்துத்தான் இருக்கும். இது என் ஊகம். ஆனால் ஊர்ப் பெயர் ஒன்றை மாற்றினால் சட்டவிரோதம் சட்டப்படியாக ஆகிவிடும் என்றிருந்த இடத்தில், கமிஷனுக்கு வேலை செய்கிறவன் மாற்றாமல் விட்டிருப்பான் என்று நம்ப எனக்கு மனசு வரவில்லை.

பிறகு இரண்டு அரசுகளும் பேசி ஒப்பந்தம் போட்டன. 1860 ஜூலை 25ஆம் தேதி ரெயூனியனுக்கு மட்டும். 1861 ஜூலை 1ஆம் தேதி எல்லாப் பிரெஞ்சுக் காலனிகளுக்குமாக. இந்த இரண்டாவது ஒப்பந்தத்தை நம் தோழர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும். ஆள் எடுப்பவன் கடைப்பிடிக்க வேண்டிய விதிகளை இவ்வளவு விரிவாக எழுதிய ஆவணங்கள் அந்தக் காலத்தில் குறைவு. ஆள் எடுக்கும் ஏஜெண்டைப் பிரெஞ்சு அரசு நியமிக்கும், பிரிட்டிஷ் அரசு ஒப்புக்கொள்ள வேண்டும். பிரெஞ்சுத் துறைமுகமாக இருந்தால் அங்கே பிரிட்டிஷ் கான்சல் ஒருவர் இருப்பார். போகிறவன் தன் விருப்பத்தில் போகிறானா, ஒப்பந்தம் என்னவென்று அவனுக்குத் தெரியுமா, எந்தத் தீவுக்குப் போகிறோம், கப்பலில் எத்தனை நாள் ஆகும் என்பதெல்லாம் தெரியுமா என்று அவர் விசாரித்துத் திருப்தி அடைந்த பிறகுதான் கப்பல் ஏற்றலாம். ஒப்பந்தம் ஐந்து வருஷத்துக்கு மேல் போகக் கூடாது. முடிந்ததும் திரும்பி வரும் கப்பல் செலவு பிரெஞ்சு நிர்வாகத்தினுடையது. வாரத்தில் ஆறு நாள் வேலை. நாளைக்கு ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் கட்டாயப்படுத்தக் கூடாது. புருஷனையும் பெண்டாட்டியையும் பிரிக்கக் கூடாது, பதினைந்து வயதுக்குக் கீழான பிள்ளையைப் பெற்றவர்களிடமிருந்து பிரிக்கக் கூடாது. ஆண்கள் நாலு பேருக்கு ஒரு பெண்ணாவது கப்பலில் இருக்க வேண்டும், சில வருஷங்களில் அந்த விகிதத்தைக் கூட்ட வேண்டும். மேற்குத் தீவுகளில் ஆணுக்கு மாசச் சம்பளம் பன்னிரண்டரை பிராங்க், பெண்ணுக்குப் பத்து.

அந்த மேசையைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஒரு பக்கம் கான்சலோ அவருடைய ஆளோ உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் துபாஷி. எதிரே கோவணத்தோடு நம் ஆள். துரை தன் பாஷையில் கேட்கிறார், துபாஷி தமிழில் சொல்கிறான். துபாஷி யார்? நிச்சயம் சேரியிலிருந்து வந்தவன் இல்லை. அவன் எட்டி நின்று "ஏண்டா, சம்மதந்தானே?" என்று கேட்டிருப்பான். ஊர்க்காரன் முன்னால் "இல்லே சாமி" என்று சொல்லிப் பழகாத வாய் "ஆமாஞ் சாமி" என்று சொல்லியிருக்கும். எழுதிக்கொண்டார்கள். அடுத்தவன்.

கேட்ட கேள்விகளும் எழுதிய கட்டங்களும் எல்லாத் துறைமுகங்களிலும் ஏறத்தாழ ஒன்றுதான். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் புறப்பட்ட ட்ரூரோ கப்பலின் பட்டியலைப் போன்ற பதிவுகளில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பிலுள்ள அடையாளம் என்று வரிசையாக இருக்கும். சாதிக் கட்டத்தில் பறையன் என்று எழுதியிருக்கும், கிறிஸ்தவன் என்று எழுதியிருக்கும், சில இடங்களில் வெறுமனே மலபார் என்று எழுதி முடித்திருப்பார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு அதுகூடச் சிரமம் இல்லை. "பரியா" என்று நம் பெயரை எடுத்துத் தங்கள் அகராதியிலேயே, ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில், ஏற்கெனவே சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு விஷயம். இன்றைக்கு எந்தக் கம்பெனிக்குப் போனாலும் விரல் வைக்கச் சொல்கிறார்களே, அதன் ஆரம்பமும் இந்தக் காலம்தான். 1858இல் வங்காளத்தில் ஹெர்ஷெல் என்ற ஆங்கில அதிகாரி, ரோட்டுக்குச் சரளை சப்ளை செய்ய ஒப்பந்தம் எடுத்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் முழு உள்ளங்கையையும் மையில் தோய்த்து ஒப்பந்தத் தாளில் பதித்தார். திருடனைப் பிடிப்பதற்கு முன்பே ஒப்பந்தக்காரனின் கையைப் பிடித்துவிட்டார்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு "இது புது அடிமை முறை" என்று முடித்துவிடுவது சுலபம். பிரிட்டிஷ் மந்திரி ஜான் ரஸ்ஸல் 1840இலேயே அப்படி ஒரு சொல்லைப் போட்டுவிட்டார். ஹியூ டிங்கர் 1974இல் எழுதிய புத்தகத்துக்கு அதையே தலைப்பாக வைத்தார். டிங்கரின் உழைப்பு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் புது அடிமை முறை என்று சொல்கிறவர்கள் பழைய அடிமை முறையைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? கப்பலுக்கு வந்தவன் சுதந்திர மனிதனாகத் தன் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தபோதா மேஸ்திரி வந்து தூக்கிப்போனான்? அவன் படியாள். பண்ணையாள். அவன் அப்பனும் படியாள். கல்யாணத்துக்கு வாங்கிய நாலு பணம் கடனுக்குத் தலைமுறை தலைமுறையாக உழுதவன். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் 1891இல் பறையர்களைப் பற்றி எழுதிய அறிக்கையில் இந்தக் கட்டுக்கடன் வாழ்க்கை விவரமாக வருகிறது. அடிமை உரிமையைக் கோர்ட்டு ஏற்காது என்று 1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம் சொல்லி அப்போது ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆகியிருந்தது.

இந்தப் படியாளை வேலைக்கு எடுக்கும்போது ஆண்டை எந்தச் சட்டத்தைக் கடைப்பிடித்தான்? எந்தக் கான்சல் வந்து "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டார்? ஒன்பதரை மணி நேரம் என்று களத்துமேட்டில் யார் எழுதி ஒட்டினார்கள்? புருஷன் பெண்டாட்டியைப் பிரிக்காதே என்று எந்த மிராசுதாரிடம் கையெழுத்து வாங்கினார்கள்? ஆயிரம் பொய் இருக்கட்டும், துபாஷி திரித்திருக்கட்டும், நம் ஆளிடம் ஓர் அரசாங்க மனிதன் முதன்முதலாக "நீ இந்த வேலைக்குச் சம்மதிக்கிறாயா?" என்று கேட்டது அந்தக் கப்பல் துறை மேசையில்தான். கேட்டவனுக்கு அது சடங்கு. ஆனால் சம்மதம் என்ற ஒன்று பறையனுக்கு உண்டு என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் அந்தச் சடங்கைச் செய்ய முடியவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நம் நாட்டின் கேவலத்தைச் சொல்கிறேன்.

மிராசுதார்களுக்கு இது புரிந்துவிட்டது. ஆள் ஓடிப்போகிறான், நிலம் தரிசாகிறது என்று அவர்கள் சர்க்காரிடம் முறையிட்டார்கள். சர்க்கார் அவர்களுக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராத தொழிலாளியை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்திச் சிறைக்கு அனுப்ப வழி செய்த 1859ஆம் ஆண்டின் 13ஆவது சட்டம். ஒப்பந்தத்தை மீறினால் உலகத்தில் எங்கேயும் நஷ்டஈடுதான் கேட்பார்கள். கூலிக்காரன் மீறினால் மட்டும் குற்றம். 1926 வரை இந்தச் சட்டம் உயிரோடு இருந்தது. சம்மதித்தவன் சம்மதத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதுதான் அதன் சாரம்.

சரி, தீவில் என்ன நடந்தது? 1861 ஒப்பந்தத்தில் இருந்த பெரிய ஓட்டை அங்கே போன பிறகுதான் தெரிந்தது. ஏறுகிறவனை ஏஜெண்ட் சோதித்தான், டாக்டர் சோதித்தான், கான்சல் சோதித்தான், கப்பலில் மறுபடி ஒரு டாக்டர். எடுக்கிற முதலாளியை யார் சோதித்தார்கள்? அவன் போன தடவை எடுத்த ஆளுக்குச் சம்பளம் கொடுத்தானா, எத்தனை பேரை அடித்தான், எத்தனை பேர் அவன் தோட்டத்தில் செத்தார்கள் என்று கப்பல் ஏறும் முன் ஒருவரும் விசாரிக்கவில்லை. புகார் சொல்ல வழி இருந்தது. கூலிகளைப் பாதுகாக்க என்று அதிகாரிகள் இருந்தார்கள், பிரிட்டிஷ் கான்சலும் இருந்தார். ஆனால் அவரிடம் போக வேண்டும் என்றால் தோட்டத்தை விட்டு வெளியே வர வேண்டும். முதலாளி சீட்டு இல்லாமல் வெளியே வந்தால் நாடோடி என்று பிடித்து உள்ளே போடுவார்கள். யார் மேல் புகாரோ அவனிடமே சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் புகார் கொடுக்கணும்!

அப்படியும் கொடுத்தார்கள். நம் வரலாற்றில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஒன்பதரை மணி நேரம் என்று எழுதியிருக்கிறது, நீ பதின்மூன்று மணி நேரம் வாங்குகிறாய் என்று சொல்ல ஒரு தாள் அவர்கள் கையில் இருந்தது. படிக்கத் தெரியாதவன் அந்தத் தாளை மடித்து வைத்திருந்தான். புகார்கள் பெருகியதால் 1877இல் இரண்டு அரசுகளும் சேர்ந்து ரெயூனியனுக்கு ஒரு விசாரணைக் குழுவை அனுப்பின. பிரிட்டிஷ் தரப்பில் மேஜர் ஜெனரல் கோல்ட்ஸ்மிட், பிரெஞ்சுத் தரப்பில் கேப்டன் மியோ. சம்பளப் பாக்கி, கூடுதல் நேர வேலை, புகார் சொல்ல விடாமல் தடுப்பது என்று எல்லாம் வெளியே வந்தது. 1882இல் பிரிட்டிஷ் இந்திய அரசு ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. மார்த்தினிக், குவாதலூப் கப்பல்களும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நின்றுபோயின. குவாதலூப்புக்குப் போனவர்கள் சுமார் 42,000 பேர். திரும்பி வந்தவர்கள் 10,000 பேர்கூட இல்லை.

பக்கத்துத் தீவான மொரீசியஸ் பிரிட்டிஷ்காரன் கையில் இருந்தது. அங்கே 1867இல் போட்ட சட்டம், ஒப்பந்தம் முடிந்த பழைய கூலிகளும் போட்டோ ஒட்டிய சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்றது. போட்டோவுக்குக் காசும் அவன்தான் கொடுக்கணும். சீட்டு இல்லாவிட்டால் கைது. 1871இல் அதோல்ப் தெ பிளெவிட்ஸ் என்ற வெள்ளைக்காரத் தோட்டக்காரர் கூலிகளின் பக்கம் நின்று மனு எழுதினார். 9,401 பழைய கூலிகள் அதில் சேர்ந்துகொண்டார்கள். ராயல் கமிஷன் வந்தது. தெ பிளெவிட்ஸைச் சொந்த சாதிக்காரர்களே, அதாவது மற்றத் தோட்டக்காரர்கள், தெருவில் வைத்து அடித்தார்கள். எல்லா ஊரிலும் சேரிக்குப் பரிந்து வருகிறவனுக்கு ஒரே மரியாதைதான் போலும்.

கப்பல் துறையில் எழுதிய கட்டங்கள் அதோடு செத்துப்போகவில்லை. ஊர் என்ற கட்டத்தை எடுத்துக்கொள்வோம். குவாதலூப்பில் பிறந்த பிள்ளைகள் வளர்ந்து ஓட்டுரிமை கேட்டபோது, உங்கள் அப்பன்கள் பிரிட்டிஷ் குடிகள், நீங்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் இல்லை என்றார்கள். ஆள் தேவைப்பட்டபோது எல்லையை அழித்துவிட்டு எடுத்தவர்கள், உரிமை என்று வந்ததும் எல்லையைத் திரும்ப வரைந்தார்கள். ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904இல் இதை எதிர்த்து வழக்காட ஆரம்பித்தார். 1863இல் கப்பஸ்தேர் என்ற ஊரில் பிறந்த தமிழ் வழியினர் அவர். 1923இல்தான் அந்தப் போராட்டம் முடிந்தது, இந்திய வம்சாவளியினர் பிரெஞ்சுக் குடிமக்கள் என்று ஏற்றுக்கொண்டார்கள். பத்தொன்பது வருஷம். நம் பாடப்புத்தகத்தில் இவர் பெயரைத் தேடாதீர்கள்.

இங்கே புதுச்சேரியிலும் தாளை வைத்துச் சண்டை போட்டார்கள். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணை ஒன்று வந்தது. சாதி வழக்கப்படியான சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்கிறேன் என்று பதிவு செய்யலாம், புதுக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம். துறந்தவர்களில் கணிசமானவர்கள் நம் மக்கள், பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். துறப்பதற்கு நம்மிடம் என்ன இருந்தது, சாதி என்ற இழிவைத் தவிர! அந்தத் தாளோடு சைகோனுக்குப் போனார்கள். போலீஸ், சிறைச்சாலை, வரி வசூல் என்று வேலைக்குச் சேரும்போது, நாங்கள் பிரெஞ்சுக் குடிமக்கள், ஐரோப்பியனுக்குக் கொடுக்கும் சம்பளத்தைக் கொடு என்று கேட்டார்கள். நிர்வாகம் திணறியது. தோலைப் பார்ப்பதா, தாளைப் பார்ப்பதா? வேலைக்கு எடுக்கிறவனைத் தாளை வைத்து மடக்கிய வரலாறு இது. இதன் தொடர்ச்சிதான் பாகூர்ப் பக்கம் இன்றைக்கும் சொல்லும் "சொல்தா வூடு". அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பென்ஷன் வாங்கிய சேரித் தாத்தாக்களை ஊரார் பொறாமையோடு பார்த்ததை நான் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன்.

எட்டு மணி நேர வேலை புதுச்சேரிக்கு 1937இல் வந்தது. அதற்கு முந்தைய வருஷம் ஜூலை 30ஆம் தேதி சவானா மில்லில் 12 தொழிலாளிகளைச் சுட்டுக் கொன்ற பிறகு வந்தது. 1861இல் தீவுக்குப் போகிறவனுக்கு எழுதிக்கொடுத்த ஒன்பதரை மணி நேரம், இங்கேயே இருந்தவனுக்கு எழுபத்தாறு வருஷம் கழித்து, ரத்தம் கொடுத்து, ஒன்றரை மணி குறைவாகக் கிடைத்தது. அதுவும் மில்லுக்கு. வயலுக்கு யாரும் மணி அடிக்கவில்லை.

இப்போதைய கதைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் நெல்வயல்கள் போய்த் தொழிற்சாலைகள் வந்தபோது ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய் நின்றேன். பெயர் வேண்டாம். சான்றிதழ் எல்லாம் சரி. சரிபார்த்தவர் முகவரியைப் பார்த்தார். "பனித்திட்டுப் பக்கமா? ஊரா, காலனியா?" என்றார். விண்ணப்பத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லை. ட்ரூரோ கப்பல் பட்டியலில் சாதிக்கு என்று நேர்மையாக ஒரு கட்டம் போட்டிருந்தான் வெள்ளைக்காரன். இவர் கட்டம் போடாமல் கேட்டார். "காலனி" என்றேன். "சொல்லி அனுப்புறோம்" என்றார். இன்னும் சொல்லி அனுப்பவில்லை.

அந்த மாதிரிக் கம்பெனிகளில் இப்போது ஒடிசா, பீகார்ப் பையன்கள் தகரக் கொட்டகையில் தங்கி வேலை செய்கிறார்கள். அவர்களைக் கூட்டி வருகிறவனுக்கு இப்போது கான்ட்ராக்டர் என்று பெயர், மேஸ்திரி என்றாலும் திரும்பிப் பார்ப்பான். 1979இல் வந்த மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர் சட்டத்தில் போட்டோ ஒட்டிய பாஸ்புத்தகம், ஊர் திரும்பும் செலவு என்று 1861இன் வாசனை அடித்தது. 2025 நவம்பர் 21ஆம் தேதி முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. எல்லாத் தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கட்டாயம் என்கிறது அது. நல்லதுதான். தாள் கையில் இருக்கட்டும். கொட்டகையில் இருக்கும் பையனுக்குத் தெரிந்த பாஷையில் அது இருக்குமா என்பதுதான் என் கேள்வி.

போலீஸ் விசாரணை பற்றியும் சொல்ல வேண்டும், நம் இளைஞர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. திருவிழாவில் தகராறு, சுடுகாட்டுப் பாதையில் தகராறு, அம்பேத்கர் படத்தின் மேல் சாணி. நாம் வன்கொடுமைப் புகார் கொடுத்தால் ஊர்க்காரன் உடனே எதிர்ப் புகார் கொடுக்கிறான். அதில் படித்த பையன்கள் பெயராகப் பார்த்துப் பத்துப் பேர், "மற்றும் பலர்". நாலு வருஷம் கழித்து அந்தப் பையனுக்கு அரசு வேலை வருகிறது. "உம் மீது வழக்கு உண்டா?" என்று ஒரு கட்டம். உண்டு என்று எழுதினால் பயம், இல்லை என்று எழுதினால் மறைத்ததாக வேலை போகும்.

இதில் இரண்டு தீர்ப்புகளை நம் தோழர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஒன்று 2016 ஜூலை 21ஆம் தேதி அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொடுத்தது. வழக்கு விவரத்தை உண்மையாக எழுத வேண்டும் என்றது. எழுதியவனை எடுத்தே ஆக வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்த முடியாது என்றும் சொன்னது. அதே சமயம் கண்ணை மூடிக்கொண்டு தள்ளக் கூடாது, வழக்கின் தன்மையைப் பார்க்க வேண்டும், சின்ன வயசில் கோஷம் போட்டது போன்ற அற்பமான வழக்காக இருந்தால் மறைத்திருந்தாலும் மன்னிக்கலாம் என்றது. கோஷம் போடுகிறவர்கள் யார் என்று நமக்குத் தெரியும்.

இன்னொன்று 2011இல் வந்த சந்தீப் குமார் வழக்கு. டெல்லி போலீசில் ஏட்டு வேலைக்குப் போனவர், சமாதானமாகி முடிந்துபோன பழைய அடிதடி வழக்கை எழுதவில்லை. நீதிபதி கட்ஜு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார், விக்தோர் யூகோவின் நாவலில் வரும் ஜான் வால்ஜானை எடுத்துக்காட்டினார். ரொட்டி திருடிச் சிறைக்குப் போனவன். வெளியே வரும்போது மஞ்சள் சீட்டு ஒன்று கொடுத்து அனுப்புகிறார்கள். போகிற இடமெல்லாம் அதைக் காட்டணும். ஓர் இடத்தில் நாள் முழுக்க மூட்டை இறக்குகிறான், சீட்டைப் பார்த்ததும் முதலாளி பாதிக் கூலிதான் கொடுக்கிறான். அந்த நாவல் வெளிவந்தது 1862இல். புதுச்சேரித் துறைமுகத்தில் நம் ஆட்களின் சம்மதத்தை எழுதிக்கொள்ள மேசை போட்டதும் அந்தச் சமயத்தில்தான்.

என் அக்கா மகன் போன வருஷம் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தான். அவன் மேலும் எதிர்ப் புகார் வழக்கு ஒன்று இருந்தது. ஆறு வருஷம் இழுத்து, விடுதலையானான். கட்டத்தில் "உண்டு" என்று எழுதினான். வழக்கு எண், தேதி, விடுதலைத் தீர்ப்பு நகல் எல்லாம் வைத்தான். கூடவே அவதார் சிங் தீர்ப்பின் நகல் ஒன்றையும் குத்தி வைத்தான். சரிபார்த்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எதுக்குப்பா? இதையெல்லாம் நாங்க கேக்கலியே" என்றாராம்.

"பைல்ல இருக்கட்டும் சார்" என்றானாம்.